தீர்த்தம்மாள் ஊட்டிய திருநீறு

அத்தியாயம் 17

வளைகாப்புப் பந்தலில் காவியா சரிந்து விழுந்ததும் பொம்மிடிச் சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது காவியாவை அல்ல, அவள் நாத்தனார் பானுமதியை.

பாவம், அவள் பந்தலிலேயே இல்லை. பின்பக்கம் எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வளையல் போட யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்துதான் காலையிலேயே கரண்டியைக் கையில் எடுத்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப் பிறந்த ஒரு குழந்தைக்குத் தாய் அவள். புருஷன் பென்னாகரத்தில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். இப்படிப்பட்டவள் கை வளையலில் படக் கூடாதாம். சாதத்தில் படலாம். அது என்ன கணக்கோ, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"கண்ணு பட்டுருச்சு" என்று யாரோ சொன்னார்கள். யாருடைய கண் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் காவியா எழுந்து உட்கார்ந்தாள். சிரிக்கக்கூடச் செய்தாள். கன்னத்தில் சந்தனமும் கையில் மஞ்சளும் மருதாணியும் இருந்ததால் அவள் உடம்பு வெளுத்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. வெயிலுக்கு மயக்கம் என்று முடிவாயிற்று. அவள் புருஷன் மாதவராஜ், திங்கட்கிழமை காலை ஷிப்ட் என்று அன்று மாலையே ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

இதுவரைக்கும் போன வார அத்தியாயம். இனி மறுநாள், திங்கட்கிழமை.

விடிந்ததும் பாத்ரூமிலிருந்து சமையலறை வரை வர முடியாமல் காவியா நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு மேலுக்கும் கீழுக்கும் வாங்கியது. கால் இரண்டும் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது.

"அண்ணி... நெஞ்சு படபடங்குது அண்ணி" என்றாள்.

மாமியார் தீர்த்தம்மாள் சாமி மாடத்திலிருந்து திருநீற்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். பானுமதி போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டாள். அம்மாவைக் கேட்காமல் அந்த வீட்டில் அவள் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"யாரக் கேட்டு போன் பண்ணுன?" என்றாள் தீர்த்தம்மாள்.

"யாரையும் கேக்கலம்மா. பையில துணி எடுத்து வை."

ஆம்புலன்ஸில் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தர்மபுரி வரும்வரை தீர்த்தம்மாள் தன் குலதெய்வத்தை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் காவியாவைப் பார்த்த டாக்டர் அன்பரசிக்கு முப்பது வயதுதான் இருக்கும். வேகமான பெண். காவியாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் டாக்டரின் வேகம் இன்னும் கூடியது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் தீர்த்தம்மாளையும் பானுமதியையும் கூப்பிட்டார்.

"ரத்த அளவு நாலு புள்ளி எட்டுதான் இருக்கு. குறைஞ்சது பதினொண்ணு இருக்கணும். எட்டாவது மாசத்துல இவ்ளோ கம்மியா இருந்தா, இருக்கற கொஞ்ச ரத்தத்தையே இருதயம் ஓடி ஓடிச் சுத்திவிடணும். அது களைச்சுப் போயிருக்கு. அதான் மூச்சு வாங்குது. இவ்ளோ நாளா மாத்திரை சாப்பிட்டாங்களா இல்லையா?"

"ஒருநாள் தப்பாம நாந்தாங்க குடுத்தன்" என்றாள் தீர்த்தம்மாள். "என் கையால குடுத்தன். முருங்கக் கீர, பேரிச்சம்பழம், வாராவாரம் கறிக்கடையில சொல்லிவெச்சு ஆட்டுச் சுவரொட்டி. அஞ்சு வருசங்கழிச்சு வந்த கருங்க. நாங்க என்ன, சும்மாவா வுடுவம்?"

அத்தனையும் உண்மை. தீர்த்தம்மாளை ஒரு கெட்ட மாமியாராகக் காட்டிவிட்டால் இந்தக் கதை சொல்கிறவருக்கு வேலை சுலபம். ஆனால் அவள் அப்படி இல்லையே. தாயில்லாத பெண் என்று மருமகளைத் தலைப் பிரசவத்துக்குக்கூட வெளியே அனுப்பாமல் தன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதாகச் சொன்னவள். அம்மி முன்னால் உட்காரவிடாதவள். தூக்கிய குடத்தைப் பாதியில் வாங்கிக்கொண்டவள்.

"இரும்புச் சத்து ட்ரிப்பு ஏத்தச் சொல்லி அட்டைல எழுதியிருக்காங்களே? ஒண்ணுதான் போட்ருக்கீங்க" என்றார் டாக்டர்.

"மொத தடவ ஏத்துனப்ப ஒடம்பெல்லாம் அரிச்சிதுங்க. பயந்துட்டம்."

"நர்சம்மா ரெண்டு தடவ வூட்டுக்கே வந்து கூப்புட்டாங்க" என்றாள் பானுமதி மெதுவாக.

தீர்த்தம்மாள் மகளை முறைத்தாள். "சாமி குடுத்த புள்ள, சாமி பாத்துக்கும்னு அனுப்பல. அதுக்கு இன்னா இப்ப?"

டாக்டர் அதற்குள் போகவில்லை. "சரி, இன்னொண்ணு. ரத்தம் கம்மியா இருக்கற சிலருக்கு வேற எதையாச்சும் தின்னணும்னு தோணும். மண்ணு, சாம்பல், ஸ்லேட்டுப் பலப்பம், பச்சரிசி. அப்படி எதாவது உண்டா?"

"எங்க வூட்ல அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க" என்றாள் தீர்த்தம்மாள் சட்டென்று.

படுக்கையில் கிடந்த காவியாவும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பானுமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீர்த்தம்மாள் பொய் சொல்லவில்லை. திருநீறு அவளுக்குத் தின்கிற பண்டம் அல்ல, பிரசாதம். அதைச் சாம்பலோடு சேர்த்துப் பேசுவார்கள் என்று அவளுக்குக் கனவில்கூடத் தோன்றாது.

எல்லாம் நாலாவது மாசத்தில் ஆரம்பித்தது. விளக்கு வைத்த பிறகு காவியா நெற்றிக்கு இட்டுக்கொண்ட மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் செய்வதுதான். பிறகு இரண்டு தடவை. பிறகு மத்தியானமும். ஒருநாள், "அத்தை, அந்தத் திருநீறு இன்னுங்கொஞ்சம் இருக்குங்களா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

தீர்த்தம்மாளுக்குப் புல்லரித்துப் போயிற்று. தீர்த்தமலைக்குப் போய் ஈரத்துணியோடு வேண்டிக்கொண்டு பெற்ற கரு. வயிற்றில் இருப்பதே திருநீறு கேட்கிறது என்றால் அது சாதாரணப் பிள்ளையா? தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போன உறவுக்காரர் யாரும் காவியாவுக்கென்று ஒரு பொட்டலம் வாங்காமல் திரும்பவில்லை. பழனி, திருவண்ணாமலை, மேச்சேரி என்று எல்லா ஊர்த் திருநீறும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சேர்ந்தது. ராத்திரி சத்து மாத்திரையை விழுங்கியதும், கசப்புக்கு ஒன்று, சாமிக்கு ஒன்று என்று மாமியாரே மருமகள் வாயில் அள்ளிப் போட்டாள். களி ஒரு உருண்டை இறங்காத தொண்டையில் திருநீறு மட்டும் இறங்கியது.

பானுமதிக்குத்தான் ஒரு காலையில் உண்மை தெரிந்தது. வெந்நீர் அடுப்பு முன்னால் காவியா குந்தியிருந்தாள். ஆறிப்போன சாம்பலில் விரலைத் தோய்த்துத் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தாள். வெந்நீர் அடுப்பில் எந்தச் சாமி இருக்கிறது?

"அண்ணி, அத்தைகிட்ட சொல்லிராதீங்க. அடக்க முடியல அண்ணி. வெக்கமா இருக்குது" என்று அழுதாள் காவியா.

பானுமதி சொல்லவில்லை. ஜாடையாக ஒரே ஒரு தடவை, "எதுக்கும் டாக்டரக் கேட்டுக்கலாமேம்மா, இவ்ளோ திருநீறு திங்கலாமான்னு" என்று ஆரம்பித்தாள். "நீ உன் வாய வெக்காத. உனக்குத்தான் குடுத்துவெக்கல" என்று தீர்த்தம்மாள் முடித்துவிட்டாள். அதோடு பானுமதி வாயை மூடியவள்தான். பிள்ளையில்லாதவள் பொறாமையில் பேசுகிறாள் என்ற பேச்சு வந்தால் அந்த வீட்டில் அவளுக்கு இருக்கிற ஒரு மூலையும் போய்விடும். போக அவளுக்கு வேறு இடம் இல்லை.

பயம்தான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை.

மத்தியானம் ரத்தம் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சொட்டாக, பார்க்கிறவருக்குப் பொறுமை போகிற அளவுக்கு மெதுவாக இறங்கியது.

"கொஞ்சம் வேகமா வுடக்கூடாதுங்களா?" என்று தீர்த்தம்மாள் கேட்டாள்.

"வேகமா விட்டா இருதயம் தாங்காதுங்கம்மா" என்றார் நர்ஸ் சகாயமேரி. "மூச்சுத் திணறுனா உடனே கூப்பிடுங்க. பக்கத்துலயே இருங்க."

சகாயமேரி அடுத்த கட்டிலுக்குப் போனார். காவியா கண்ணைத் திறந்து மாமியாரைப் பார்த்தாள். அந்தப் பார்வை தீர்த்தம்மாளுக்குப் பழக்கமானது. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். நெற்றியில் பூசினாள். வார்டில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. பிறகு முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஒரு கை அள்ளி மருமகள் வாயருகே கொண்டுபோனாள்.

"அம்மா, வேணாம்" என்றாள் பானுமதி.

"திருநீறுடி."

"தெரியும். வேணாம்."

அதற்குள் காவியா, ஊசி குத்தாத கையால் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் இருந்ததை வாயில் கொட்டிக்கொண்டு ரேகையில் ஒட்டியிருந்ததையும் நாக்கால் வழித்தாள். அதில் பக்தி ஒன்றும் இல்லை. பசி இருந்தது. தீர்த்தம்மாளின் முகமே ஒரு நொடி மாறியது. முதல் தடவையாக அந்தப் பசியைப் பட்டப்பகலில், பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

பானுமதி எழுந்தாள். வார்டு முழுக்க நடந்து டாக்டர் இருந்த மேஜைக்குப் போனாள். வாயைத் திறந்தால் திரும்பி அந்த வீட்டுக்குள் போக முடியுமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் திறந்தாள்.

"காலைல கேட்டீங்களே டாக்டர். திங்குறாங்க. திருநீறு. டப்பா டப்பாவா. அடுப்புச் சாம்பலும் திங்குது. இப்பக்கூட ஒரு கை தின்னுச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். தீர்த்தம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்.

"சாமி பிரசாதத்தையா சொல்றீங்க?" தீர்த்தம்மாள் குரலை உயர்த்தினாள். "எங்க பரம்பரையில யாரும் திருநீறு சாப்ட்டுச் செத்ததில்லீங்க!"

"நெத்தியில பூசுங்கம்மா. வேணாம்னு நான் சொல்லவே இல்லை. வாய்ல போடாதீங்க." டாக்டருக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார். "ரத்தம் இல்லாததாலதான் அந்தப் பொண்ணுக்கு அந்த ஆசையே வருது. அது சாமி கேக்கறது இல்ல, உடம்போட நோய். நீங்க மாத்திரை குடுத்தீங்க, சரி. கையோட அந்தப் பொடியையும் போட்டா, மாத்திரைல இருக்கற சத்து உடம்புல சேராம வெளிய போயிரும். சத்து சேரலைன்னா ஆசை இன்னும் ஜாஸ்தியாகும். ட்ரிப்பாவது போயிருந்தா தப்பிச்சிருக்கலாம். அதையும் விட்டுட்டீங்க."

"நானா?" என்றாள் தீர்த்தம்மாள். "நானா பண்ணுனன்?"

அப்போதுதான் பானுமதி அதைக் கேட்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்து வரவில்லை. காலையில் டாக்டர் சொன்ன ஒரு சொல் அவளுக்குள் கிடந்து குத்திக்கொண்டே இருந்தது.

"டாக்டர், பலப்பம் தின்னாலும் இப்படித்தானுங்களா?"

தீர்த்தம்மாள் விசுக்கென்று தலையைத் தூக்கினாள்.

"யார் தின்னாங்க?"

"நாந்தாங்க. ஆறு வருசத்துக்கு முன்ன. மாசமா இருந்தப்ப. தெனம் ஒரு பாக்ஸ் தின்னன். அம்மாதான் வாங்கியனுப்புவாங்க. மசக்கக்காரி கேட்டு இல்லைன்னு சொல்லக்கூடாதுன்னு." பானுமதியின் குரல் தட்டையாக இருந்தது. "புள்ள செத்துப் பொறந்துச்சுங்க."

"அப்ப உங்களுக்கு ரத்தம் எவ்ளோ இருந்துச்சு?"

"பாத்ததே இல்லீங்க. அந்த வூட்ல பிரசவத்துக்கு முன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டாங்க. மாடி ஏறுனா எனக்கும் இப்படித்தான் மூச்சு வாங்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதனாலதான்னு இப்ப என்னால உறுதியா சொல்ல முடியாதுங்க. வேற காரணமும் இருக்கலாம். ஆனா ரத்தம் ரொம்பக் கம்மியா இருந்திருக்கும். அது குழந்தையைப் பாதிச்சிருக்கலாம்" என்றார். பிறகு மெதுவாக, "உங்க ராசி, நட்சத்திரம்னு யாராவது சொல்லியிருந்தா, அது மட்டும் நிச்சயம் இல்லை" என்றார்.

பானுமதிக்கு அழுகை வரும் என்று நினைத்தார் போலிருக்கிறது, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஆறு வருஷம் சும்மா போயிற்றே என்று மட்டும் இருந்தது.

வராந்தாவில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் யார் யாரோ சாப்பாட்டுத் தூக்கோடு போய்வந்தார்கள். கடைசியில் தீர்த்தம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"உன் தம்பி மாதுகிட்ட சொல்லாத."

"எத?"

"எதையும். அவன் தாங்கமாட்டான். நாளைக்கு எம் மொகத்துல முழிக்கமாட்டான்."

"என் புருசன் வூட்ல இருந்து என்னைத் தள்ளுனப்ப, ராசியில்லாதவன்னு ஊரே சொல்லுச்சு. நீயும் கூடச் சேந்துதானம்மா சொன்ன?"

"எனக்குத் தெரியலியே பானு."

"எனக்கும்தான் தெரியல. ஆனா நான் மட்டும்தான பட்டன்?"

தீர்த்தம்மாள் மகளின் கையைப் பிடிக்க வந்தாள். பானுமதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அப்படியே மடியில் வைத்திருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் சகாயமேரி ஓட்டமாக வந்தார். காவியாவுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆனால் ரத்தமில்லாத உடம்பு நாள் வரும்வரை பொறுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது காவியா நாத்தனாரின் விரலைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸாக இருந்தது.

"அண்ணி, நான் தின்னது சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டன் கண்ணு."

காவியா அவளை வெறித்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று பானுமதி நினைத்தாள்.

"முன்னியே சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள் காவியா.

கதவு மூடிக்கொண்டது. அதைவிட அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

குழந்தை பிறந்தது. பெண். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அழுதது என்று சொல்ல முடியாது, முனகியது. துணியில் சுற்றிப் பச்சைக் குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தீர்த்தம்மாள் எட்டிப் பார்த்தபோது துணி மட்டும்தான் தெரிந்தது.

டாக்டர் வெளியே வர நேரமாயிற்று.

"குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம். பாத்துக்கலாம். அம்மாவுக்குத்தான்... பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போயிருக்கு. மத்தவங்களுக்கு அது ஒண்ணுமே இல்லை. இவங்ககிட்ட அதைக் குடுக்கறதுக்கும் ரத்தம் இல்லை. இன்னும் ஏத்திக்கிட்டு இருக்கோம். இருதயம் ரொம்பத் தளர்ந்திருக்கு. இன்னிக்கு ராத்திரியைத் தாண்டணும்."

"தாண்டிருவாளா டாக்டர்?" என்றாள் பானுமதி.

"எங்களால ஆனதெல்லாம் செய்றோம்" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் பானுமதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாதவராஜ் கம்பெனி யூனிபாரத்தோடு மாடியேறி வந்தது அப்போதுதான். ஓசூரிலிருந்து வருகிற வழியெல்லாம் உறவுக்காரர்கள் போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை காரணமும் கடைசியில் ஒரே ஆளிடம் வந்துதான் நின்றிருக்கிறது.

"அம்மா, காவியா எங்கம்மா? நேத்து நல்லாத்தான இருந்தா? என்னாச்சு?"

தீர்த்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். மாதவராஜ் நல்லவன். தம்பி என்றால் இவன்தான் என்று சொல்கிற மாதிரி, கைவிடப்பட்டு வந்த அக்காவுக்குச் சோறு போட்டவன். அந்த நல்லவன்தான் சொன்னான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காத. வளைகாப்புக்கு நீ ரெண்டு நாள் சித்தேரிப் பக்கம் பெரியம்மா வூட்டுக்காச்சும் போயிருக்கலாம். நான் இதெல்லாம் நம்புற ஆளு இல்ல. ஆனா அத்தன பேரு சொல்றாங்களே."

பானுமதி அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். இப்போது சொல்வாள் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். இல்லடா, அவ இல்லடா என்று சொன்னால்கூடப் போதும்.

தீர்த்தம்மாள் தரையைப் பார்த்தாள். வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

சரி, அவ்வளவுதான் என்று பானுமதி நினைத்தாள். பெற்றவளே தன்னைக் காப்பாற்ற மாட்டாள் என்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனாலும் வலித்தது.

"காவியா வீட்டுக்காரர் வந்துட்டாரா? ஒரே நிமிஷம் பாத்துட்டு வந்துடுங்க. அதிகம் பேச வெக்காதீங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மாதவராஜ் போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் நனைந்திருந்தது. மூக்கில் குழாயும் கையில் குழாயுமாக அவளைப் பார்த்த அதிர்ச்சி ஒரு பக்கம். ஆனால் அதற்கும் மேலே ஏதோ ஒரு நெகிழ்ச்சி அவன் குரலில் இருந்தது.

"நெனவு வந்து வந்து போவுதும்மா. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. இந்த நெலமையிலயும் பாரு, திருநீறுதான் கேக்குறா. 'அத்தைகிட்ட இருக்கும், ஒரு வாய் வாங்கிட்டு வாங்க'ங்குறா. சாமி அவளக் கைவிடாதும்மா. உங்கிட்ட இருக்குதில்ல? குடு." கையை நீட்டினான்.

தீர்த்தம்மாளின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சுருக்குப்பையைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

"குடும்மா. ஒரு நிமிசந்தான் வுடுவாங்க."

"இல்லடா."

"இருக்குதே, அந்தா பை."

"வேணாஞ் சாமி. கேக்காத." அவள் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "அவ சாமியக் கேக்கலடா. ரத்தமில்லாத ஒடம்பு கேக்குது. அது நோய்டா. எனக்குத் தெரியல. மாத்திரயக் குடுத்துட்டு, அது மேலயே அதையும் அள்ளி அள்ளி நாந்தான் ஊட்டுனன். அது ஒடம்புல ஒட்டாமப் போயிருச்சு. ஊசிக்கும் நாந்தான் அனுப்பல."

"என்னம்மா ஒளர்ற?"

"ஒளறலடா. டாக்டரக் கேளு. உங்கக்காளச் சொல்லாத. அவ வயித்துல இருந்ததுக்கும் நாந்தான் பலப்பம் வாங்கி அனுப்புனன். பாசமா அனுப்புனன். ஊரு அவளச் சொன்னப்ப நானும் சேந்து சொன்னன்." தீர்த்தம்மாள் வராந்தாத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு ராசியில்லாமப் போவலடா. நாந்தான்."

ஆறு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பானுமதி காத்திருந்தாள். அது வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். இது முன்னமே வந்திருந்தால் அவள் அங்கே கிடந்திருக்க மாட்டாள். அம்மா பேசாததும் தான் பேசாததும் சேர்ந்துதான் அவளை அங்கே கிடத்தியிருக்கிறது என்று பானுமதிக்குத் தெரிந்தது.

மாதவராஜ் அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அவ கேட்டுட்டு படுத்திருக்காளே" என்றான், குழந்தை மாதிரி. "இப்ப நான் உள்ள போய் அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

பானுமதி எழுந்தாள். தம்பியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "நீ அம்மாகிட்ட இரு. நான் போய்ச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.